ஏலக்காய்ப் பொட்டலத்தில் ஒரு முகம்

போடியில் ஏலக்காய்ச் சாக்கு தொலையாமல் பார்த்துக்கொள்ள எத்தனையோ ஏற்பாடு உண்டு. சாக்கின் வாயைத் தைத்து, மேலே மார்க் எழுதி, எடை பார்த்துச் சீட்டு வாங்கி, ஏல மையத்துக்குப் போனால் லாட் எண் போட்டு வைப்பார்கள். இவ்வளவுக்கும் மேலே ஒரு வசதி இருக்கிறது. சாக்கு களவு போனால், அது இருந்த இடம் காலியாகத் தெரியும்.

படம் அப்படி இல்லை. நாம் இணையத்தில் போட்ட படத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு போனாலும், நம்முடைய இடத்தில் படம் அப்படியேதான் இருக்கும். களவு போனது நமக்குத் தெரியாது. யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

எனக்கு அப்படி வந்து சொன்னது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளி, ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்தவன். கையில் ஒரு கேமரா. காலையில் மலைப்பக்கம் போய் நாலு படம் எடுக்காவிட்டால் காபி இறங்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி மாதம், போடிமெட்டுக்கு மேலே தெரிந்தவர் ஒருவரின் சின்ன ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் பிடிப்பதெல்லாம் தூரடியில், தரையோடு ஓடும் சரத்தில். அதனால் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு அம்மாவும் அன்று அங்கே இருந்தார். இருட்டோடு ஜீப்பில் மலை ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிற எத்தனையோ பெண்களில் ஒருவர். கை நிறையப் பச்சைக்காயை அள்ளிக் காட்டிச் சிரித்தார்.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?"

"எடுங்கய்யா. எம்மவன் திருப்பூர்ல இருக்கான், அவனுக்கும் ஒண்ணு அனுப்பி விடுங்க."

"நான் எழுதுறதுல போட்டுக்கலாமா?"

"அதுல என்னங்கய்யா இருக்கு, போட்டுக்கங்க."

ஏலக்காய் எடுப்பு பற்றி எழுதிய கட்டுரையோடு அந்தப் படத்தைப் போட்டேன். கீழ் மூலையில் என் பெயரும் ஆண்டும் இருந்தன.

போன வருஷம் அந்தப் பையன் போன் செய்தான். "ஐயா, எங்கம்மா படத்த ஏலக்கா பாக்கெட்டுல போட்டு விக்கிறாங்க. நீங்க கொடுத்தீங்களா?" ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ஓர் இணைய விற்பனைத் தளம். நூறு கிராம் பொட்டலம். அதன் மேல் அந்த அம்மாவின் முகம், அதே சிரிப்பு. மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. செய்தி அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. "எவ்வளவு வாங்குன?" என்று நாலு பேர் கேட்டாயிற்று. தோட்டத்துக் கங்காணி, "வேற கம்பெனிக்குப் போஸ் கொடுத்தியாமே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"நான் ஒத்தைப் பைசா வாங்கலைங்கய்யா. வாங்கலைன்னு யாருகிட்ட எப்புடிச் சொல்றது? படந்தான் இருக்கே."

கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்குப் போனது ஒரு படம். அவருக்குப் போனது தெருவில் இருந்த நல்ல பேர். நாளைக்கு ஜீப்பில் இடம் கிடைக்குமா என்பதுகூடச் சந்தேகமாகிவிட்டது.

அதன்பிறகு இந்த விஷயத்தை ஒரு கோப்பு பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். இணையத்தில் படம் போடுகிற யாருக்கும் உதவும்.

முதலில் பூட்டுகள். வலது பக்கம் கிளிக் செய்தால் சேமிக்க முடியாதபடி செய்யும் வசதி ஒன்று உண்டு. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை. வாட்டர்மார்க் மூலையில் போட்டால் வெட்டிவிடலாம். நடுவில் பெரிதாகப் போட்டால் திருடனுக்கு முன்னால் வாசகரே ஓடிவிடுவார். இப்போது அதையும் அழித்துக் கொடுக்கும் செயலிகள் வந்துவிட்டன. கண்ணுக்குத் தெரிகிற எதையும் நகல் எடுக்க முடியும். இதுதான் அடிப்படை. இதை ஏற்றுக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

பூட்டை விடக் கொஞ்சம் பலன் தருவது அளவு. என் கேமராவில் எடுக்கும் படத்தின் அகலம் 6000 பிக்சல். இணையத்தில் போடும்போது 1200 பிக்சலாகக் குறைத்துத்தான் போடுகிறேன். திரையில் பார்க்க அது போதும். பெரிதாக அச்சடித்தால் மங்கிவிடும். அந்தப் பொட்டலத்தில்கூடப் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

இரண்டாவது, படம் நம்முடையது என்பதற்குச் சான்று. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல் ஆகியவற்றை எழுதி வைக்கிறது. இதை மெட்டாடேட்டா என்கிறார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் படமும் சுருங்கும், இந்தக் குறிப்புகளும் பெரும்பாலும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும். ஆனால் இந்தக் குறிப்பை யாரும் மாற்றி எழுதலாம். அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. ஒரு படம் எடுக்கும்போது நாம் ஒன்று மட்டும் எடுப்பதில்லை. அன்று அந்த அம்மாவை ஒன்பது படம் எடுத்திருந்தேன். ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறார், ஒன்றில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து ஏதோ சொல்கிறார். இந்த எட்டும் எங்கும் வெளியிடப்படாதவை. நகல் எடுத்தவரிடம் ஒன்றுதான் இருக்கும். முன்னதும் பின்னதும் எடுத்தவரிடம் மட்டுமே இருக்கும். வெளியிட்ட படத்தில் ஓரத்தை வெட்டியிருந்தால், வெட்டாத அசலும் அப்படித்தான். 'சரியாக வரவில்லை' என்று அழிக்கப்போகும் படங்களை ஒரு நிமிஷம் யோசித்து அழியுங்கள்.

மூன்றாவது, சட்டம். இங்கே என் பிரெஞ்சுப் படிப்பு கொஞ்சம் குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் இதற்குக் காப்பிரைட் என்று பெயர், அதாவது நகல் எடுக்கும் உரிமை. தமிழில் பதிப்புரிமை என்கிறோம். பிரெஞ்சில் இதையே 'த்ருவா தோத்தர்' என்பார்கள். ஆக்கியோன் உரிமை என்று பொருள். ஒன்று நகலைப் பார்க்கிறது, மற்றது ஆளைப் பார்க்கிறது.

புகைப்படக்காரனும் ஓர் ஆக்கியோன்தானா என்ற கேள்வி பாரிஸ் நீதிமன்றத்தில் 1862-லேயே வந்தது. மேயர் சகோதரர்களும் பியர்சோன் என்பவரும் நடத்திய படநிலையம் இத்தாலியின் கவூர், பிரிட்டனின் பால்மர்ஸ்டன் ஆகிய தலைவர்களின் படங்களை விற்றுவந்தது. வேறு இருவர் அவற்றை நகல் எடுத்து விற்றார்கள். எந்திரம் எடுத்த படத்துக்குக் கலைஞன் எங்கே இருக்கிறான் என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். கீழ்க்கோர்ட்டில் படநிலையம் தோற்றது. ஏப்ரலில் மேல்முறையீட்டில் ஜெயித்தது, நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆங்க்ர் உள்ளிட்ட பெரிய ஓவியர்கள் புகைப்படத்தைக் கலை என்று ஏற்கக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும் பலிக்கவில்லை. ஆக, படத்திருட்டு இணையத்தோடு வந்த வியாதி இல்லை. கேமரா வந்து கொஞ்ச நாளிலேயே அதுவும் வந்துவிட்டது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இதன்படி புகைப்படமும் கலைப்படைப்பு. எடுத்தவுடனேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது இல்லை. முன்பெல்லாம் வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டுதான் என்று இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு. இதே சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும்கூட 'இது என் ஆக்கம்' என்று சொல்லும் உரிமையும், தன் பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் ஆக்கியவருக்கு உண்டு என்கிறது. எங்கள் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிக்காக்கும் விஷயம் இது.

எல்லா நகலும் குற்றம் இல்லை. அம்மாவின் படத்தை மகன் செல்போனில் வைத்துக்கொள்வது சொந்த உபயோகம். ஆய்வுக்கும் விமரிசனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டமே இடம் கொடுக்கிறது. பொட்டலத்தில் போட்டு விற்பது இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நாம்தான், ஸ்டூடியோக்காரர் அல்ல. உங்கள் வீட்டுக் கல்யாணப் படம் ஸ்டூடியோ விளம்பரத்தில் வந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இவ்வளவும் படம் எடுத்த எனக்கு. படத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்கு? பதிப்புரிமைச் சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. கையில் காயை அள்ளியவர் அவர், சிரித்தவர் அவர், ஆனால் உரிமை பொத்தானை அமுக்கிய எனக்கு. இது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

தேடியதில், அவருக்கான பதில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே இருந்தது. ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுத, அதை 'நக்கீரன்' வெளியிடப்போக, அதிகாரிகள் தடுக்கப்பார்த்த வழக்கு. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்று பெயர். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பத்திரிகை சுதந்திரத்துக்காகத்தான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கும் மற்றவற்றுக்கும் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-ல் உறுதிப்படுத்தினார்கள். தன் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப்படம் பயன்படுத்துகிறது என்று ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் போய் 2015-ல் தடை வாங்கினார். ரஜினியின் முகத்துக்கு விலை உண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காய் எடுக்கிற அம்மாவின் முகத்துக்கும் அவர்தான் சொந்தக்காரர் என்பதை மட்டும் யாராவது எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுதிக் கேட்பது என் தொழில். முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலை.

இரண்டு கடிதங்கள் தயார் செய்தேன். ஒன்று படம் எடுத்தவன் என்ற முறையில் என்னுடையது. மற்றது அந்த அம்மாவுடையது. அவர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, அவரே கையெழுத்துப் போட்டார். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அலுவலக முறைப்படி. இணைப்பில் என் பக்கத்தில் படம் வந்த தேதி, அவர்கள் விற்பனைப் பக்கத்தின் முழு முகவரி, தேதியும் நேரமும் தெரிகிற ஸ்க்ரீன்ஷாட், வெட்டாத அசலின் சிறிய பிரதி, வெளியிடாத படங்களில் இரண்டு. அனுப்புவதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். கடிதம் கிடைத்தவுடன் பக்கமே காணாமல் போகலாம். விவகாரம் கோர்ட்டுக்குப் போனால், இப்படிப்பட்ட மின்னணுச் சான்றுக்குத் தனியாக ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும் என்று வக்கீல் நண்பர் சொன்னார்.

ஒன்று விற்றவருக்கு, மற்றொரு பிரதி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு. 2021-ல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவருடைய பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். அதோடு 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-வது விதி, முறையான எழுத்துப் புகார் வந்து அதில் உண்மை இருக்கிறது என்று தெரிந்தால் 36 மணி நேரத்துக்குள் நகலை மறைக்கச் சொல்கிறது. 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடக்கூடாது.

கோர்ட்டுக்குப் போவதானாலும் விற்பவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. உரிமையாளர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் வழி செய்திருக்கிறது. எங்களுக்குத் தேனியே போதும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் என்று 63-வது பிரிவு சொல்கிறது. இதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். மிரட்டலாக இல்லை, தகவலாக.

பதினோராம் நாள் பக்கம் இறங்கியது. விற்றவரிடமிருந்தும் பதில் வந்தது. வடிவமைப்பு செய்துகொடுத்தவர் 'கூகுளில் கிடைத்தது' என்று சொல்லிக் கொடுத்தாராம். கிணற்றில் கிடைத்தது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. வருத்தம் தெரிவித்துவிட்டு, நல்லெண்ணமாக இரண்டு கிலோ ஏலக்காய் அனுப்பி வைப்பதாக எழுதியிருந்தார். திருநெல்வேலிக்கே அல்வா!

சிரித்துக்கொண்டே அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வேணாங்கய்யா. அத வாங்குனா வாங்குன மாதிரி ஆயிரும். நான் காசு வாங்கலைன்னு தமிழ்ல ஒரு தாளு எழுதித் தரச் சொல்லுங்க. அது போதும்."

மறுபடி ஒரு கடிதம். ஒரு வாரத்தில் அந்தத் தாளும் வந்தது. இந்தப் பெண்மணியின் படத்தை அவருடைய அனுமதி இல்லாமல் பயன்படுத்திவிட்டோம், இதற்காக அவர் எங்களிடம் எந்தத் தொகையும் பெறவில்லை என்று நாலு வரி, முத்திரையோடு. லேமினேட் செய்து கொடுத்தேன். அதைக் கங்காணியிடம் காட்டிவிட்டு, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். நஷ்டஈடு கேட்டிருக்கலாமே என்று அந்த வக்கீல் நண்பருக்கு இன்னும் குறை. கேட்டிருக்கலாம்தான். ஆனால் வழக்கு யாருடையதோ, அவர் கேட்டது அந்தத் தாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் படமே போடாமல் இருந்துவிடலாமே" என்று என் மகள் சொன்னாள். அதற்கு என்னிடம் ஒரு புதுச்சேரிக் கதை இருக்கிறது. அங்கே 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்துக்காரர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களை எல்லாம் படம் எடுத்துச் சேர்த்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சியகம் 2008-ல் அதை ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. அந்தச் சிலை கோயிலில் இருந்தபோது 1994-ல் இந்த நிறுவனம் எடுத்த படம் முக்கியமான சான்றாக நின்றது. 2014-ல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்தப் படத்தைப் பூட்டி யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தால் சிலை வந்திருக்காது. எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாமல் போயிருந்தாலும் வந்திருக்காது. படத்தோடு ஊரும் தேதியும் எடுத்தவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் அது சாட்சி சொன்னது. பொட்டலக்காரர் வெட்டி எறிந்ததும் இதைத்தானே?

ஆகவே படம் போடுவதை நான் நிறுத்தவில்லை. இப்போது என் நடைமுறை இது. பூவும் மலையும் மேகமும் என்றால் தாராளமாக விட்டுவிடுகிறேன். 2018-ல் மூணாறு பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தபோது எடுத்தவற்றை, பெயரைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் முறையில் அனுமதி எழுதியே போட்டிருக்கிறேன். கேட்காமல் எடுக்கும் வேலை அவர்களுக்கும் மிச்சம். மனித முகம் என்றால் யாரிடம், என்றைக்கு, எதற்காகக் கேட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். 'கட்டுரைக்கு மட்டும், விளம்பரத்துக்கு இல்லை' என்று படத்தின் அடியிலும் எழுதிவிடுகிறேன். குழந்தைகள் படம் போடுவதே இல்லை. வீட்டில் எடுத்த படமானால், எடுத்த இடத்தைக் காட்டும் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் போடுவேன். அசல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று என்னிடம், ஒன்று மகள் வீட்டில். மாதம் ஒருமுறை முக்கியமான சில படங்களைக் கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடுகிறேன்.

போன மாதம் தேடியபோது அந்த அம்மாவின் படம் வேறொரு பக்கத்தில், வேறு ஏதோ மாநிலத்து மசாலா விளம்பரத்தில் இருந்தது. நோட்டில் வரிசை எண் 2 போட்டு, புதுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அவர் சாயங்காலம் மலையிலிருந்து இறங்கியதும் கையெழுத்து வாங்க வேண்டும்.